நான் இல்லாத ஏழு அத்தியாயங்கள்

என் நாவலை ஏழு பேர் சொல்கிறார்கள். கண்மாயில் மூழ்கி இறந்துபோன ஒருவனைப் பற்றி அவனுடைய அக்கா, டீக்கடைக்காரர், வேலை கொடுத்த முதலாளி என்று ஆளுக்கோர் அத்தியாயம். முதல் வரியிலேயே அவன் இறந்துவிடுகிறான். ஏழு அத்தியாயங்களும் மறுநாள் காலையில்தான் தொடங்கும். கண்மாயில் என்ன நடந்தது என்று நாவலில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த அமைப்பைப் பற்றி நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். மையத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அதை வாசகர் நிரப்பிக்கொள்ளட்டும் என்றேன். கைதட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பீலா விடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

உண்மை வேறு. இறந்தவன் என் நண்பன். பழங்காநத்தத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று காலை அவனோடு கண்மாய்க்குப் போனவன் நான். அவன் தண்ணீரில் இருந்தபோது நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியும்.

பிறகு குதித்துத் தேடினேன். ஆட்கள் ஓடிவந்தபோது நனைந்த துணியோடு நின்ற என்னைப் பார்த்து ஒருவர், "நீ எங்கடா இருந்த?" என்று கேட்டார். "இப்பத்தாண்ணே வாரேன், ஆளக் காணோம்னு குதிச்சேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லிவிடத்தான். முதலில் 'நான்' என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று முறை. கதை கரைக்கு வந்து சேர்ந்ததும், பட்டப்பகலில், ஃபேன் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, குளியலறையில் யாரோ தண்ணீரில் புரள்கிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் குழாய் மூடித்தான் இருக்கும். பயந்து போனேன். 'நான்' என்பதை அடித்துவிட்டு அக்காவைப் பேச விட்டேன். சத்தம் நின்றது. அப்புறம் டீக்கடைக்காரர் வந்தார். ஆள் கூடக் கூட எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது. இதைத்தான் விமர்சகர்கள் பன்முகக் கதைசொல்லல் என்று எழுதினார்கள்.

புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். அவனுடைய அம்மா போன் செய்தார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது விளாங்குடியில் மகளோடு இருக்கிறார். "வாசிச்சுட்டேன். ஒருநா வந்துட்டுப் போய்யா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். அவர் காபி கொடுத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நிறையப் பக்கங்களில் ஓரம் மடித்திருந்தது.

"எம் மக பேசுற மாதிரியே எழுதிருக்க. டீக்கடைக்காரரும் அச்சு அசல் அவருதான்" என்றார். பிறகு, "அம்புட்டுப் பேரும் பேசுறாங்க. நீ எங்கய்யா?" என்றார்.

"எழுதுறவன் உள்ள வரக்கூடாதும்மா, அது ஒரு உத்தி" என்றேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் உத்தி பேசின வாயை எதைக் கொண்டு அடிப்பது?

அவர் எழுந்து போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டிய ஃபிளெக்ஸை எடுத்து வந்து தரையில் விரித்தார். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் மறுநாள் விடிவதற்குள் தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' நின்றுவிட வேண்டும். நடுவில் இறந்தவர் படம், கீழே வரிசையாக நண்பர்கள் படம். அதை அடிக்கக் கொடுத்தவன் நான்தான். என் போனில் இருந்ததிலேயே அவன் நன்றாகச் சிரித்திருந்த படமாகப் பார்த்துக் கொடுத்தேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர் பின்னாலிருந்ததை அழித்துவிட்டு மேகம் வைத்தார். அது எப்போது எடுத்த படம் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவே இல்லை.

அவர் படத்தில் அவன் தோளைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் துண்டு அன்னைக்குக் காலையில கவர் பிரிச்சு நான் குடுத்தது. பதினாறாம் நாளே பாத்துட்டேன். படம் நீ எடுத்தது. அப்ப நீ முன்னாடியே கூட இருந்திருக்க."

"ஏம்மா கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். புஸ்தகம் போடுறேன்னு சொன்னியா, சரி, அதுல சொல்லிருப்பன்னு நெனச்சேன். ரெண்டு தடவ வாசிச்சேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி காத்திருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கரையிலதாம்மா இருந்தேன். போனப் பாத்துக்கிட்டிருந்தேன். கூப்பாடு போட்டான். எப்பவும் முங்குற மாதிரி நடிச்சு ஏமாத்துவான்ல, அப்படித்தான்னு சிரிச்சேன். நிமிந்து பாக்குறப்ப தண்ணி சும்மா கெடந்துச்சு."

அவர் திட்டவில்லை. ரெண்டு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஃபிளெக்ஸை மெதுவாகச் சுருட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"கடைசியா என்னையக் கூப்பிட்டானாய்யா?"

ஆமாம் என்று சொல்லத் தேவையான வாக்கியம் முழுதாக என் நாக்கில் வந்து நின்றது. நாவலாக இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "என்னையத்தான் கூப்பிட்டான்."