மாஸ்டரின் விரல்களும் என் மூளைப் படமும்

பிசியோதெரபி என்பது, "மெதுவா மடக்குங்க" என்று சொல்லிவிட்டு மடங்காத கைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற தொழில். படித்ததையெல்லாம் எதிரில் இருப்பவர் தலையில் கொட்டி அசடு வழிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், வாங்க, நீங்களும் நம்ம ஆளுதான்.

சுவரில் மூளை

அறந்தாங்கியில் என் கிளினிக் சுவரில் பெரிய மூளைப் படம் ஒன்றை மாட்டியிருக்கிறேன். பரோட்டா மாஸ்டர் சின்னையா, மனைவி ராணியோடு வந்தார். பக்கவாதம் வந்து மூன்று மாதம். நடை தேறிவிட்டது; வலது கை விரல்கள்தான் பேச்சைக் கேட்கவில்லை. கடை முதலாளி வேறு மாஸ்டரைப் போட்டிருந்தார். தீபாவளிக்குள் சின்னையா கை தேறாவிட்டால் புது ஆளே நிரந்தரம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் குச்சியை எடுத்தேன். "மாஸ்டர், இந்த முன்பக்கம்தான் கவனத்தைப் பிடிச்சு நிறுத்துது. நடுவுல பட்டையா இருக்கே, இது விரலுக்கு உத்தரவு போடுது. பின்னால சிறுமூளை, அசைவு பிசகாம திருத்துது." இருபது நிமிடம் விடவில்லை. ராணியக்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரிங்க சார். இவுகளுக்கு வெரல் எப்ப மடங்கும்?"

புளியங்கொட்டை வைத்தியம்

தட்டில் இருக்கும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட வேண்டும். "விரலையே பாருங்க. கவனம், கவனம்" என்று நான் கத்தக் கத்த, மாஸ்டரின் விரல்கள் இன்னும் விறைத்துக்கொண்டன. "இப்படிங்க" என்று நானே செய்து காட்டும்போது செல்போன் அடித்தது. திரும்பினேன், தட்டோடு அத்தனையும் கீழே. மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்களுக்கு முன்பக்கம் இன்னைக்கு லீவா சார்?"

மாவு

ஐப்பசி பிறந்தது. ராணியக்கா டிபன் பாக்ஸில் மைதா மாவு பிசைந்து கொண்டுவந்தார். நான் விடுவேனா? "கட்டை விரலால அழுத்துங்க. இப்ப ஆள்காட்டி விரல். பாத்துப் பாத்து..." மாவு அசையவில்லை. மாஸ்டர் கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். "இருபத்தஞ்சு வருசம் சார். ஒரு நாளுகூட இந்தக் கையப் பாத்துக்கிட்டு நான் வேலை செஞ்சதில்ல."

என்ன செய்வதென்று தெரியாமல் நானே அந்த மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். நடுவில் ஓட்டை விழுந்தது. இழுத்தேன், கிழிந்தது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "அட என்னா சார், துணியா தொவைக்கிறீங்க? ஓரத்தப் பிடிச்சு இழுக்கணும். தள்ளுங்க இங்கிட்டு!" என்று திட்டிக்கொண்டே மாவைப் பிடுங்கினார். வலது கையால்! விரல் நுனிகள் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தன. நான் சும்மா இருந்திருக்கலாம். "மாஸ்டர், விரல் வேலை செய்யுது! கவனிங்க, கவனிங்க!" என்று துள்ளினேன். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. ராணியக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சார், ஒங்க வாயக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருங்களேன்."

நான் படித்த பாடம்தான், சரியான நேரத்தில் மறந்து தொலைத்திருந்தேன். வருஷக்கணக்கில் பழகிய வேலையை மூளையின் உள்பகுதிகள் தாமாகவே நடத்துகின்றன. முன்பக்கம் நடுவில் புகுந்து மேற்பார்வை பார்த்தால் காரியம் கெட்டுவிடும். அன்றிலிருந்து பயிற்சியை மாற்றினேன். தினமும் நான் மாவைக் கெடுப்பேன், அவர் திட்டிக்கொண்டே சரிசெய்வார். சில நாள் விரல் வரும், சில நாள் வராது. ஆனால் திட்டு மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

கல்லுக்கு முன்னால்

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது முதலாளி மாஸ்டரைக் கடைக்குக் கூப்பிட்டார். நானும் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பரோட்டா கோணல். இரண்டாவது கையை விட்டு நழுவியது. முதலாளி முகம் சுருங்கியது. மாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் விரலையே நான் முறைத்துக்கொண்டிருந்தேன். "சார், அங்கிட்டுப் போயி ஒக்காந்து சாப்பிடுங்க. நீங்க பாத்தா வெரலு படிக்க ஆரம்பிச்சிருது."

கடைசி மேசையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரையோ அதட்டுகிற மாஸ்டரின் குரல், மாவு கல்லில் விழுகிற சத்தம், மறுபடி, மறுபடி. அரை மணி நேரம் கழித்து முதலாளியே என் இலையில் இரண்டு பரோட்டா வைத்தார். கொஞ்சம் கோணல்தான், ஆனால் பரோட்டா. "நாளையிலேருந்து அண்ணனே கல்லுல நிக்கட்டும் சார், புதுப் பையன் கூட நிப்பான்" என்றார்.

நாலரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கி நான் செய்த உருப்படியான வைத்தியம், மாவைக் கெடுத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும்தான்.