வேலு, ப்ளூ, ஷூ

இந்த ஊரில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வார்த்தையின் வாலைப் பிடித்து விளையாடக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட், ஹேட், மேட். பொருளைப் பற்றிக் கவலையே இல்லை. கடைசி ஓசை ஒன்றாக இருந்தால் போதும், அது ரைம். என் மகள் யாழினி பல் துலக்கும்போதுகூட இதைத்தான் முணுமுணுக்கிறாள். இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருடமாகியும் எனக்கு இது விந்தையாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. வீட்டில் உள்ளவர்களின் பெயருக்கு ரைம் கண்டுபிடித்து, பெற்றோரும் பிள்ளையுமாக வகுப்பில் நின்று சொல்ல வேண்டும். அவள் அப்பா பெயர் வேலு. யாழினி ஒரே மூச்சில் ப்ளூ, ஷூ, க்ளூ, நியூ என்று அடுக்கிவிட்டாள். எனக்கு அவள் ஒதுக்கிய வரி, "திஸ் இஸ் வேலு, ஹிஸ் ஷூஸ் ஆர் நியூ." அவ்வளவுதான். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. கல்யாணமான இந்தப் பத்து வருடத்தில் அவர் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

சிரிக்காதீர்கள். நான் நயினார்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் அய்யா பெயர் கருப்பையா. அம்மா அந்தப் பெயரை மட்டுமல்ல, அதன் தலையில் இருக்கும் ஓசையைக்கூட வாயில் எடுக்க மாட்டாள். கருப்பட்டி வாங்கப் போனால், "பனையில காச்சுறது அரைக்கிலோ குடுங்க" என்பாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ஒருமுறை பட்டா விஷயமாக ராமநாதபுரத்துக்கு அவளோடு போயிருந்தேன். "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று அலுவலர் கேட்டதும் என் முதுகில் ஒரு இடி விழுந்தது. "ஏய், சொல்லுடி." நான் கத்திச் சொன்னேன். அம்மாவுக்காக அய்யா பெயரைச் சொன்னதில் அன்றைக்கு எனக்கு ஏகப்பட்ட பெருமை.

யாழினியிடமும் அப்படியே தள்ளிவிடப் பார்த்தேன். "அப்பா பேர நீ சொல்லு, ஷூவ மட்டும் நான் சொல்றேன்." அவள் முகம் சுருங்கிப்போனது.

இரண்டு நாள் கழித்து ஹெலன் டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். குரலைத் தாழ்த்தி, "இஸ் எவ்ரிதிங் ஆல் ரைட் அட் ஹோம்?" என்றார். நல்ல மனுஷி, குளிரைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, ஹீட்டரைப் போன வாரம்தான் சரிபார்த்தோம் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, யாழினி தன்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். அம்மாவுக்கு அப்பாவைப் பிடிக்காதாம். பெயரைக்கூடச் சொல்ல மாட்டாளாம்.

அடிப்பாவி மகளே! மரியாதை என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது பிள்ளையின் கண்ணுக்கு வெறுப்பாகத் தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் பிடித்தவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் வேறு எதைக் கண்டாள்? எனக்கு அவரை உயிராகப் பிடிக்கும். அதைச் சொல்லிக் காட்டிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். எத்தனை நாளாக அந்தச் சின்ன மனசு இதைச் சுமந்ததோ என்று நினைத்து, வீடு வரும்வரை அழுதுகொண்டே நடந்தேன்.

வேலையிலிருந்து களைத்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே சிரித்தார்.

"சொல்லிட்டுப் போயேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகிட்டா?"

"ரைமுக்குச் சொன்னாச் சாமி கோவிச்சுக்கிராது. பிள்ள மனசு வாடிப்போச்சுன்னாத்தான் கோவிச்சுக்கிரும்."

வெள்ளிக்கிழமை வகுப்பறையில் மூன்று பேரும் வரிசையாக நின்றோம். யாழினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குள் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழு வரியையும் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தரையைப் பார்த்துப் புதுமாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். யாழினி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே தூறல். பள்ளிக்கூட வாசலில் ஒரே கூட்டம், குடைகள். எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் வேனை எடுக்க அவர் முன்னால் சாலையில் இறங்கினார். பின்பக்கமாக வந்த காரை அவர் கவனிக்கவில்லை.

"ஏங்க!"

அத்தனை அப்பாக்களில் அவர் ஒருவர்தான் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். கார் அவரை உரசாமல் போனது.

யாழினி என் கையை இழுத்தாள். "அம்மா, இப்பக் கூப்பிட்டீங்கள்ல, அது யாரு பேரு?"

"அப்பா பேருதான்."

அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"இதுக்கு இங்க ரைமே இல்லம்மா."

"இல்லடா" என்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் அவர் நனைந்துகொண்டே எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார்.