கேப்டன் கழற்றாத பூட்ஸ்

அந்த வெளிநாட்டு விண்வெளி டிவித் தொடரின் ரசிகர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து கழுவி ஊற்றும் பகுதி ஒன்று உண்டு. முப்பது வருடமாக அதற்கு வக்காலத்து வாங்கி வந்தவன் நான் ஒருவன்தான். அதை நான் பார்த்ததே இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தத் தொடர் வரும். ஆன்டெனாவைப் பலாமரத்து உச்சியில் கட்டியிருந்தோம். காற்று அதைத் திருப்பிவிட்டால் ஏறிச் சரிசெய்வது என் வேலை. படம் தெரிகிறதா என்று பார்த்து உள்ளேயிருந்து கத்துவது அக்காவின் வேலை. அந்தப் பகுதி வந்த அன்று ஆடிக்காற்று. வெகுநேரம் மரத்திலேயே இருந்தேன். தெரிகிறது, இறங்கு என்று அவள் கத்தி, நான் உள்ளே ஓடுவதற்குள் டிவியை அணைத்துவிட்டாள். கதை முடிந்துவிட்டதாம். நான் அழுத அழுகையில் உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னாள்.

துப்பாக்கியோடு ஒரு கிரகத்தில் இறங்கும் கேப்டன், அங்கே ஒரு களத்தில் தானியம் காய்வதைப் பார்க்கிறார். களத்தில் கால்வைக்குமுன் பூட்ஸைக் கழற்றுகிறார். ஒளிந்திருந்த பூதம் அதைப் பார்த்துவிட்டு, இவன் நல்லவன்தான் என்று வெளியே வருகிறது. சண்டையே இல்லை. அந்த ஒரு காட்சிக்காக எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

போன வாரம் அந்தப் பகுதி இணையத்தில் கிடைத்தது. களமுமில்லை, தானியமுமில்லை. கை பட்டதும் பாறை ஆடுகிறது. தார்ப்பாய் போர்த்திய பூதத்தைச் சுட்டுவிட்டு கேப்டன் பூட்ஸோடு கிளம்பிப் போகிறார்.

இணையத்தில் போட்டவன் அந்தக் காட்சியை வெட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போது சந்தேகம் உரிய ஆள்மேல் போனது. களத்தில் செருப்புக்காலோடு ஏறக் கூடாது என்பது எந்த வெள்ளைக்காரக் கேப்டனுக்குத் தெரியும்? அடுத்த ஞாயிறும் என்னை மரத்தில் ஏற்றத்தான் அக்கா கதை கட்டினாளோ? எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அக்கா இப்போது முள்ளுக்குறிச்சியில் இருக்கிறாள். போன் போட்டு, ஒன்றும் தெரியாதவன்போல அந்தக் கதை எப்படி முடியும் என்று கேட்டேன். பூட்ஸ் உட்பட ஒன்றையும் விடாமல் ஒப்பித்தாள். அது சந்தேகத்தைக் கூட்டியது. நான் பார்த்துவிட்டேன் என்றேன்.

"எனக்கு எங்க சாமி தெரிஞ்சுது? டிவில வெறும் புள்ளிதான். நீ நின்ன கெளை ஆடுன ஆட்டத்துல எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. தெரியுதுன்னு சொன்னாத்தான நீ எறங்குவே?"

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா? அந்த ஆடி முழுக்கக் காற்றுதானே.

"அப்ப மத்த வாரமெல்லாம்?"

"நீ சோறுண்டயா கண்ணு?" என்று கேட்டாள்.

எனக்குப் பிடித்த பகுதிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. மூன்றுமே அந்த ஆடியில் நான் மரத்திலிருந்தபோது வந்து, அக்கா சொல்லிக் கேட்டவை. அவற்றை நான் இணையத்தில் தேடவில்லை.