விரத வீட்டில் பனிப்பொம்மைகள்

கனகராயன்குளத்தில் முதன்முதலாகப் பனிப்பொம்மை செய்த ஆட்களில் நானும் ஒருத்தி. இதை யாரும் மறுக்க முடியாது. அதற்கு முன்பும் பின்பும் அங்கே ஒருவரும் அந்த வேலையைச் செய்ததில்லை. வெண்பனி விழாத ஊரில் பனிப்பொம்மை எப்படி என்று கேட்பீர்கள். அவித்த முட்டையில் செய்தோம். பெரிய முட்டை உடம்பு, சின்ன முட்டை தலை, கரட்டில் மூக்கு, கடுகில் கண், மிளகில் சட்டைப் பொத்தான், செத்தல் மிளகாயைக் கீறிக் கழுத்துக்குச் சால்வை. அடேயப்பா, இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்திதான். அம்மாவின் தங்கை. அவர்களுடைய தாயும் தகப்பனும் போன பிறகு அம்மாவே சித்தியை வளர்த்துப் படிக்க வைத்திருந்தார். படிக்கிற பிள்ளை என்று குசினிக்குள் சமைக்க விட்டதில்லை. சித்தி கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்துக்கு நாளாந்தம் பஸ்ஸில் போய்வந்தார். அங்கே நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, ஓர் ஒன்றுகூடல் வைத்தார்கள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். கேக், ரோல்ஸ், கட்லட் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு வர, முட்டைச் சட்டியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத எங்கள் சித்தி எழுந்து நின்று, "முட்டை நான் கொண்டுவாறன்" என்றாராம். யாரோ கைத்தொலைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்துக் கடித உறையின் பின்பக்கத்தில் கீறிக்கொண்டும் வந்திருந்தார்.

ஏன் முட்டை? அதே அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர். சித்தியும் அவரும் ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தார்கள். அவருடைய தாய்க்குச் சித்தியைப் பற்றிக் குறையில்லை, எங்கள் வீட்டைப் பற்றித்தான் பயம். "சைவக்காரர். நாளைக்கு எங்கட வீட்டில ஒரு வாய் தண்ணி குடிப்பினமோ?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அந்தத் தாய் ஒன்றுகூடலுக்கு வரப்போகிறார். அவர் கண்முன்னால் எங்கள் வீட்டிலிருந்து முட்டை போகவேண்டும் என்பது சித்தியின் கெட்டித்தனம். இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒரு பெரியம்மா வருவார், அவருக்கு எங்கள் பொம்மை பிடித்தே ஆகவேண்டும், பிடிக்காவிட்டால் சித்தி செத்துப்போவார் என்பதுதான். அவரே அப்படித்தான் சொன்னார்.

ஆனால் அந்த வருடம் பிள்ளையார் பெருங்கதை விரதம் பிந்தி வந்து நத்தாரோடு மோதிக்கொண்டது. இருபத்தொரு நாள். அம்மா ஒரு நேரம்தான் சாப்பிடுவார். கையில் விரதத்துக்குக் கட்டிய காப்பு நூல். பின்னேரம் கோவிலில் கதை படிப்பார்கள், அதற்குப் போய்வருவார். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் வராது. முட்டையையும் மச்சத்தோடு சேர்த்து வைத்துவிட்டதால் கோழிக்கூடு முழுக்க முழுக்க என் ஆட்சியில் இருந்தது. கோழி இடுகிற முட்டைகளை எடுத்துக் கொட்டிலில் இருந்த நெல்லுப் பானைக்குள் புதைத்து வைப்பேன். விரதம் முடிந்ததும் கோழியை அடைவைக்க அவை வேண்டும், ஒன்றையும் தொடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சித்தி இரண்டு நாள் அம்மாவின் பின்னாலேயே திரிந்து கடைசியில் கேட்டுவிட்டார். "அக்கா, பின்வளவில வைச்சு அவிக்கிறன். குசினிப் பக்கமே வரமாட்டன்."

அம்மா நிமிர்ந்து சித்தியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மச்சச் சட்டியை எடு. கிணத்தடிக்கு அங்கால வைச்சுச் செய். முடிச்சு, குளிச்சுத் தோய்ஞ்சு போட்டுத்தான் ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள கால் வைக்கவேணும்."

நான் வளவைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.

உடம்புக்குக் கடையில் விற்கிற பெரிய முட்டை பன்னிரண்டு. தலைக்குச் சின்ன முட்டை வேண்டும், அதற்கு ஊர்க்கோழி முட்டைதான் சரி. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றுகூடல் அன்று விடியவே ஒரு சின்னக் கடகத்தோடு அயலெல்லாம் ஏறி இறங்கினேன். பழைய முட்டை தந்தவர்களிடம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். "இண்டைக்கு இட்டது இருந்தாத் தாங்கோ" என்று நின்றேன். இரண்டு முட்டை இளஞ்சூடாகவே கிடைத்தன. பெரிய இடத்துக்குப் போகிற பொம்மை, தலையில் குறை சொல்ல விடுவேனா?

மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினோம். இரவு பெய்த மழையில் விறகு நனைந்திருந்தது. ஊதி ஊதிச் சித்தியின் கண் சிவந்தது. ஒருவாறு முட்டைகள் அவிந்தன. கடை முட்டைகள் வழுவழுவென்று உரிந்து வந்தன. அடியைச் சீவி நிறுத்திப் பார்த்தோம். பன்னிரண்டு பேரும் தலையில்லாமல் வரிசையாக நின்றார்கள். எனக்குக் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

பிறகு தலைகளை உரிக்கத் தொடங்கினோம். ஐயோ, அந்தக் கொடுமையை என்ன சொல்ல! கோதோடு வெள்ளையும் சேர்ந்து பிய்ந்து வந்தது. முதலாவது தலையில் பாதியைக் காணோம். இரண்டாவதில் மஞ்சள் கரு வெளியே எட்டிப் பார்த்தது. பச்சைத் தண்ணீரில் போட்டோம், நகத்தால் கிள்ளினோம், சாமியைக் கும்பிட்டோம். ஒன்பதாவது முட்டையும் அம்மாள் வருத்தத்தில் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் குழிகுழியாக வந்தபோது சித்தி சட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது.

"எல்லாம் போச்சுது. நான் போகேல்லை" என்று சித்தி அழுதார். சும்மா கண் கலங்குவதல்ல, தோள் குலுங்கி அழுதார். ஒரு முட்டைக்கு இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். ஆனாலும் அவரைப் பார்த்து நானும் பெரிதாகக் குரலெடுத்து அழுதேன்.

சத்தம் கேட்டு அம்மா கிணற்றடிவரை வந்தார். அதற்கு இங்கால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆர் உங்களுக்கு இண்டைக்கு இட்ட முட்டையை அவிக்கச் சொன்னது? புது முட்டை உரிபடாதெண்டு தெரியாதோ?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் கோழிக்கூட்டைப் பார்த்தேன்.

அம்மா திரும்பிக் கொட்டிலுக்குள் போனார். வரும்போது மடியில் நெல்லுப் பானை முட்டைகள். தன் கையாலேயே எடுத்து வந்திருந்தார். கிணற்றடியைத் தாண்டி எங்களிடமே வந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். படுத்துக் கிடந்த புதியதை விலக்கினார், அடியில் நுனியூன்றி நின்ற பழையதை எடுத்தார். அவித்தார். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு பலகையில் இருந்து, தண்ணீருக்குள் வைத்து உரிக்கத் தொடங்கினார். பளிங்குபோல, ஒரு கீறல் இல்லாமல், பன்னிரண்டு தலை! காப்பு நூல் நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"அக்கா, விரதம்..." என்று சித்தி இழுத்தார்.

"கதையை விட்டிட்டு மூக்கைக் குத்து. பஸ் போகப்போகுது."

பிறகென்ன, பறந்தோம்! ஈர்க்கை முறித்துத் தலையையும் உடம்பையும் பொருத்தினோம். கரட் மூக்கு, கரட் வட்டத்தில் தொப்பி, கடுகுக் கண். கண் வைத்ததும் பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவருக்கு மட்டும் ஒரு கண் மேலே போய்விட்டது. அவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, எல்லாரையும் நிறுத்தி, வாழை இலையால் மூடினோம். நானும் சித்தியோடு புறப்பட்டேன். வாசல் படலையடியில் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் தொட்டதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. கோவிலடியில தெரிஞ்சால் கதைக்கத் தொடங்கிடுவினம். சரியோ?"

"ஓம்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பஸ்ஸில் பெட்டி என் மடியில். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இலையைத் தூக்கிப் பார்த்தேன். கொண்டக்டர், "என்ன தங்கச்சி, குஞ்சு பொரிக்குதோ?" என்று பகிடி விட்டார். அவருக்கு ஒருவரைக் காட்டினேன். பிறகு பஸ்ஸில் பாதிப் பேர் எழும்பி வந்து பார்த்தார்கள்.

ஒன்றுகூடலில் எங்கள் பொம்மைகளை மேசைக்கு நடுவில் வைத்தார்கள். கேக்கைக்கூடத் தள்ளி வைத்துவிட்டார்கள், சத்தியமாகச் சொல்கிறேன். ஆட்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒரு பெரிய உத்தியோகத்தர் சால்வையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, செத்தல் மிளகாய் உறைக்க மூன்று கோப்பை தண்ணீர் குடித்தார். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனேன்.

அப்போதுதான் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு பெரியம்மா மேசையடிக்கு வந்தார். பக்கத்தில் அவருடைய மகன், வியர்த்துப்போய் நின்றார். பெரியம்மா மேலே பார்க்கிற கண்காரரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இதைச் செய்தது?"

"நான்தான் அம்மா" என்றார் சித்தி, மெல்லிய குரலில்.

எனக்கு வந்ததே கோபம்! விடிய எழும்பி அயலெல்லாம் அலைந்தது யார்? கண் வைத்தது யார்? "நானும் செய்தனான்! அம்மாவும் செய்தவா. பெருங்கதை விரதத்தோட இருந்து உரிச்சவா!" என்று கத்திவிட்டேன். உடனே சத்தியம் நினைவுக்கு வந்தது. "ஆனா அதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்" என்று சேர்த்துச் சொன்னேன்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து இருந்து, என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"விரதம் பிடிக்கிற ஆள் ஏன் மோனை முட்டையைத் தொட்டவா?"

"புது முட்டை உரிபடேல்லை. சித்தி அழுதவா. அதுதான்."

பெரியம்மா கையிலிருந்த பொம்மையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மேலே பார்க்கிற கண்காரரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். எனக்கு மனம் பதைத்தது. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சித்தியிடம் சொன்னார்: "உம்மட அக்காவை நான் வந்து பாக்கவேணும். எப்ப வரலாமெண்டு கேட்டுச் சொல்லும்."

முட்டை உரிக்கப் பழகுவதற்குத்தான் வரப்போகிறார் என்று நான் நினைத்தேன். சித்தி எதற்காக மறுபடியும் அழுகிறார் என்பது விளங்கவில்லை.

அம்மா அந்த விரதத்தை எதற்காகப் பிடித்தார் என்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வயலுக்காக என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அண்மையில், தேவாலயத்தில் நடந்த சித்தியின் மகளுடைய முதல் நன்மைக்குப் போயிருந்தபோது சித்திதான் சொன்னார். தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் அமையவேண்டும் என்றுதான் அம்மா வருடா வருடம் அதைப் பிடித்து வந்திருக்கிறார். அந்த நல்ல இடம் எது என்பதும் அந்த வருடம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அன்று பொழுதுபட முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா தோய்ந்துவிட்டுக் கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய், ஒரு பெரியம்மா அவரைப் பார்க்க வரப்போகிறார் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா துவாயால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தார். சத்தியத்தை மீறியது தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம் பிடித்தது. கதையை மாற்ற நினைத்து, "அம்மா, முட்டை தொட்டதால உங்கட விரதம் போச்சோ?" என்று கேட்டேன்.

"போகேல்லைக் குஞ்சு. முடிஞ்சுது."

எனக்குப் பெரிய பாவமாகப் போய்விட்டது. பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்து, இரண்டு கையையும் விரித்து, முதலாம் நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடித்து அவருக்கு எண்ணிக் காட்டினேன்.