பூஜ்யம் என்று போட்ட தள்ளல்

கட்டுப்பாட்டு அறையில் அவளைக் கயித்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிலவுக்கு அப்பால், பூமியும் நிலவும் சேர்ந்து இழுக்க, மூன்றாவதாக ஒரு விண்கலம் அவற்றோடு கூடவே சுற்றக்கூடிய ஓரிடம் இருக்கிறது. அங்கே நிறுத்தியிருந்த ஒரு கலத்தின் பாதையைக் கணிப்பது அவள் வேலை. முகட்டில் வைத்த பந்தைப் போல, சும்மா விட்டால் அது நிலவுப் பக்கம் விழும். அல்லது வெளியே ஓடும். அவ்வப்போது மெல்லத் தட்டி நிறுத்த வேண்டும். கயிற்றின் மேல் நடக்கிற பிழைப்பு என்று அவளே சொல்லப்போய்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பஸ் ஓட்டும் கணவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "ஸ்டியரிங்கை விட்டா எந்த வண்டிதான் நேராப் போகும்?" என்பான்.

"உன் ரோடு ஒரே இடத்துல கெடக்கு. என் ரோடும் சேர்ந்து நகருது."

கலத்தைத் திருப்பிவைக்க உள்ளே சக்கரங்கள் சுழல்கின்றன. சக்கரங்களின் வேகம் கூடிப்போனால், எதிரெதிரான இரண்டு உந்துகுழல்களை இயக்கிக் குறைப்பார்கள். ஒன்றின் தள்ளலை மற்றது அடித்துவிடும் என்பதால் பாதைக் கணக்கில் அதற்குப் பூஜ்யம் போடுவது வழக்கம். கலம் புதிதாக இருந்தபோது அளந்துபார்த்து அந்த வழக்கத்தைத் தொடங்கியவள் அவள்தான்.

ஒரு குழல் தளர்ந்திருந்தது. எறும்பு ஊதிய அளவு மிச்சத் தள்ளல். முதலில் அளவைப் பிழைக்குள் மறைந்து கிடந்தது. பிறகு விலகல் இரட்டித்தது. இரட்டித்தது மறுபடியும் இரட்டித்தது. கண்ணில் பட்டபோது, கலத்தைத் திரும்பக் கொண்டுவரத் தேவையான எரிபொருள் தொட்டியில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தோடு மல்லுக்கட்டினாள். திசையை மாற்றினாள். தள்ளலை இரண்டாகப் பிரித்தாள். நிலவே இழுத்துத் திருப்பிவிடுமா என்று பார்த்தாள். ஒவ்வொரு கணக்கும் முடிவதற்குள் கலம் இன்னும் நகர்ந்திருந்தது.

கணவன் போனில் கேட்டான்: "சாப்டியா?"

"கொஞ்சம் இரு."

அவன் இருந்தான். அவள்தான் போனை மேசைமேல் வைத்துவிட்டு மறந்துபோனாள்.

குழுத் தலைவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கயித்தக்கா, நிறுத்த முடியுமா, முடியாதா?"

"இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன் சார்."

"போன தடவையும் இதையேதாம்மா சொன்னீங்க."

"போன தடவை கிட்டத்தட்ட வந்துச்சு."

"அதுக்கு முந்தின தடவை அதைவிடக் கிட்ட வந்துச்சு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்படியே விட்டா ஒரு சுத்து சுத்திட்டு மத்த கலங்களுக்கு நடுவுல வந்து நிக்கும்" என்றார் அவர். "இருக்கிறதை வெச்சு ஒரேயடியா வெளிய தள்ளிடலாம். திசையைச் சொல்லுங்க."

தன் கையாலேயே அனுப்பிவைக்கும் கணக்கு. அதைப் போடும்போது பூஜ்யம் இருந்த இடத்தில், தளர்ந்த குழலின் உண்மையான தள்ளலை எழுதினாள். கட்டளை போனது. தொட்டி காலியானது.

பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் பழக்கதோஷத்தில் சந்தோஷமாகவே சொன்னார்: "அக்கா, நீங்க போட்ட கோட்டு மேலயே போகுது. துளி பிசகலை."

"ம்" என்றாள்.