காணிக்கைப் பையில் போட்ட மாத்திரை

அன்பான சபையாரே, போன வருடம் நன்றி ஆராதனையில் நான் சொன்ன சாட்சிக்கு நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி பிழை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். தலையில் மிளகு மூட்டை சுமந்து தொடங்கியவன். இன்று அலுவிகாரையில் சொந்தக் கடை, இரண்டு லொறி. நம் சபைக்குக் கூரை போட்டவனும் நான்தான். அப்படிப்பட்டவனைப் போன வருடம் தை மாதம் ஒரு மிளகு மூட்டை விழுத்தியது. தராசில் ஏற்றக் குனிந்தேன். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கை விறைத்தது. வேர்த்துக் கொட்டியது. "ஆண்டவரே, இப்போது வேண்டாம்" என்றேன். அவர் இரங்கினார். பிழைத்தேன்.

இரத்தம் உறையாமல் இருக்க, பிரஷருக்கு, கொழுப்புக்கு என்று ஆஸ்பத்திரியில் மாத்திரைகள் தந்தார்கள். "நல்லா இருக்குன்னு நீங்களா நிப்பாட்டிறாதீங்க ஐயா. ஒரு நாளும் விடக்கூடாது" என்றார் டொக்டர். தலையாட்டினேன்.

மூன்று மாதம் போனது. மூட்டை தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. இனி எனக்கு என்ன குறை? நன்றி ஆராதனையில் காணிக்கைப் பை என்னிடம் வந்தபோது மாத்திரைப் பொதியை அப்படியே அதற்குள் போட்டேன். "சுகமாக்கினவர் இருக்கிறப்போ எனக்கு மாத்திரை எதுக்கு?" என்று மைக்கில் முழங்கினேன்.

பாஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, டொக்டரைக் கேட்டீங்களா?"

"நீங்க பால் குடிக்கிற காலத்திலேயே நான் உபவாசம் இருந்தவன் பாஸ்டர். எனக்கா விசுவாசம் சொல்லித் தர்றீங்க?"

அவர் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று பின் வரிசையில் என் மனைவியின் தம்பி யோசேப்பு இருந்தான். பல்லேபொலயில் ஓட்டோ ஓட்டுகிறவன். எனக்கு முன்பே அவனுக்கும் ஹார்ட் அட்டாக் வந்தது. ஒரு கிளினிக்கும் தவறாமல் போய், ஒழுங்காக மாத்திரை போட்டவன்.

நாலு கிழமை கழித்து, பட்டப்பகலில், ஓட்டோ நிறுத்துமிடத்திலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒட்சிசன் முகமூடியை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான், நீங்க விட்டதப் பார்த்துத்தான் நானும் மாத்திரைய விட்டேன். எனக்கு விசுவாசம் பத்தலையோ?"

தையில் வந்த வலி இதற்குப் பக்கத்தில் நிற்காது. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன். என் ஜெபத்தில் எப்போதும் நான் போட்ட கூரை வரும், கொடுத்த காணிக்கை வரும். அன்று ஒன்றும் வரவில்லை. "பிழை என்னோடது. அவன வீட்டுக்கு அனுப்புங்க" என்றேன். அவ்வளவுதான்.

என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினாள். அதே மாத்திரைகள். பாஸ்டர் அன்றைக்கே காணிக்கைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறார்.

"நான் எத்தன தரம் சொன்னேன், கேட்டீங்களா? அழுதது போதும். இதக் கொண்டுபோய் டொக்டர்கிட்ட காட்டுங்க, எழும்புங்க!"

எழும்பிப் போனேன். டொக்டர் சோதித்துப் பார்த்து, நன்றாகத் திட்டி, திரும்ப எழுதிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் யோசேப்பு வீட்டுக்கு வந்தான். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அவருக்கே ஸ்தோத்திரம். ஆனால் அவன் இருதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. ஓட்டோவை விற்றுவிட்டான். சபைப் படி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் பின்னால் நின்று அதைப் பார்க்கிறேன்.

தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் அவனுக்கு போன் எடுப்பேன்.

"முழுங்கிட்டியாடா?"

"முழுங்கிட்டேன் அத்தான். நீங்க? எங்க, வாயத் தொறந்து காட்டுங்க."

"போன்ல எப்பிடிடா காட்டுறது?"

"உங்கள நம்ப ஏலாது அத்தான்."

சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு வருடமாக ஒரு வேளையும் நான் தவறவிட்டதில்லை. இதிலும் பெருமை எட்டிப் பார்க்கிறது, ஆண்டவர் மன்னிக்கட்டும். அன்று என் பேச்சைக் கேட்டு வேறு யாராவது மாத்திரையை விட்டிருந்தால் நாளைக்கே கிளினிக்குக் கிளம்புங்கள். வெட்கமாக இருந்தால் கடைக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன். ஆண்டவரை நம்புங்கள். நானும் அவரை நம்பித்தான் தினமும் முழுங்குகிறேன்.