சந்தனம் பூசிய கண்ணாடித் துண்டு

சென்ற மாரியில், கிளிநொச்சியில் நடந்தது இது. அங்குள்ள ஓர் ஆய்வுகூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. பெரோவ்ஸ்கைட் என்ற பொருளில் குவாண்டம் புள்ளிகள் செய்வது என் வேலை. கண்ணுக்கே தெரியாத சின்னஞ்சிறு படிகங்கள் அவை. லேசர் பட்டால் ஒவ்வொரு புள்ளியும் ஒளியைத் துகள் துகளாக, ஒன்றன் பின் ஒன்றாக விட வேண்டும். யாரும் ஒட்டுக்கேட்க முடியாத தகவல் தொடர்புக்கு அப்படிப்பட்ட ஒளி தேவை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரிக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஒண்டொண்டா வாற வெளிச்சத்தில என்னண்டு பிள்ளை படிக்கிறது?" என்று கேட்டார். ஒட்டுக்கேட்க முடியாது என்றதும், "அப்ப முதல்ல எங்கட ஒழுங்கையில ஒண்டைப் பூட்டிவிடு, அயல் சனத்துக்குக் காது நீளம்" என்றார்.

இந்தப் புள்ளிகளுக்கு ஈரம்தான் எமன். மழை விடாமல் பெய்ததில் செய்தவை எல்லாம் கெட்டுப்போய், ஒரேயொரு கண்ணாடித் துண்டு மிஞ்சியது. புள்ளிகளை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் கலந்து அதில் பூசியிருந்தேன். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுகூடத்தில்தான் அதை அளக்க முடியும். அங்கே நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த முறை தவறினால் என் ஆராய்ச்சி அப்படியே நின்றுவிடும்.

புறப்படும் நாள் விடியற்காலை, கொழும்பு பஸ்ஸுக்கு ஆயத்தமாகி வந்தால் மேசையில் கண்ணாடித் துண்டை வைத்திருந்த பெட்டி இல்லை. சாமியறையில் திறந்தபடி இருந்தது. கண்ணாடித் துண்டில் திருநீறு, அதன் மேல் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம், நடுவே குங்குமம். சோதினைக்குப் போகும் பிள்ளையின் பேனைக்கும் அனுமதி அட்டைக்கும் எங்கள் பக்கம் பொட்டு வைப்பார்களே, அதே மாதிரி.

அன்ரி முழுகிவிட்டு ஈரத் தலையோடு நின்றார்.

"பெட்டிக்கு மேல வைச்சா அருள் உள்ளுக்குப் போகாது எண்டுதான் திறந்தனான். பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். பயப்பிடாமல் போட்டு வா."

கோபம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஏச மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையைச் சோதினைக்கு அனுப்புகிறவர் போல நின்றார்.

"ஓம் அன்ரி, போட்டு வாறன்" என்றேன்.

மாங்குளம் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன். புள்ளிகள் மிக ஐதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூசப்பட்டவை என்பதால் எது பிழைத்தது, எது செத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சும்மா போய் வருகிறேனோ என்ற எண்ணம் வழியெல்லாம் அரித்தது.

சிங்கப்பூரில், அங்குள்ள ஆய்வாளரோடு சேர்ந்து நுணுக்குக்காட்டியில் வைத்தபோது சந்தனம் பட்ட இடம் முழுவதும் இருட்டாக இருந்தது. கண்ணாடியை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினோம். அங்கே ஒரு பச்சைப் புள்ளி விட்டு விட்டு மின்னியது. எங்களுக்குத் தேவையானதும் ஒரு புள்ளிதான். அதிலிருந்து ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன என்று கருவி காட்டியபோது, என் பேராசிரியருக்கும் முதல் நான் அன்ரிக்குத்தான் போன் எடுத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். பிறகு குரல் தழுதழுத்து, "நான் ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்ல பிள்ளை" என்றார்.

சந்தனத்தின் கதையை நான் அவரிடம் எடுக்கவேயில்லை. இப்போதெல்லாம் பெட்டியை இறுக்கி ஒட்டிவிட்டு, பொட்டு வைக்கச் சொல்லி நானே அவரிடம் நீட்டுகிறேன். நான் செய்வது என்னவென்று விளங்காமலே அது சரிவர வேண்டுமென்று ஒரு மனிதர் சாப்பிடாமல் கிடந்தார் என்பதை நினைத்தால், எந்த முடிவு பிழையாகிப்போன நாளிலும் மறுநாள் ஆய்வுகூடத்துக்குப் போக எனக்கு மனம் வருகிறது.